மைன்கிராஃப்டில் சரிவான நிலத்தைச் சமமாக்க எது சரி? ஷவல், டிஎன்டி, பாட், மேடை: ஓர் ஒப்பீடு

"சர்வைவல் சர்வரில் வீடு கட்ட இடம் பிடித்துவிட்டேன். மொத்தமும் சரிவு. ஃபேப்ரிக் கிளையன்ட்டில் மாட் எல்லாம் போட்டிருக்கிறேன். கையால் வெட்டவா, டிஎன்டி வைக்கவா, பாட்டை ஓட விடவா?"

மைன்கிராஃப்ட் ஆடுபவர்களிடமிருந்து இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. (மாட் என்பது கேமில் வசதி கூட்டும் நிரல், அதை ஏற்ற உதவுவது ஃபேப்ரிக்; டிஎன்டி என்பது வெடி; பாட் என்பது உங்களுக்குப் பதில் தானே ஆடும் நிரல்.) பதில் சொல்பவர்களில் பெரும்பாலோர் உடைக்கும் வேகத்தைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் இந்த வேலையிலேயே மலிவான பகுதி உடைப்பதுதான். எந்த உயரத்தில் தரையை நிறுத்துவது, பள்ளத்தை எதால் நிரப்புவது, வெட்டிய கல்லை எங்கே போடுவது என்பதில்தான் நேரம் கரைகிறது. உங்கள் கிளையன்ட்டில் என்ன மாட் இருக்கிறது என்பதைப் பொறுத்து முதல் கேள்விக்கான பதிலே மாறிவிடும். அதனால் அந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டு வழிகளுக்கு வருவோம். எண்கள் எல்லாம் கேமின் ஜாவா எடிஷன் என்ற பதிப்புக்கு உரியவை.

## எதை வைத்து எடைபோடுவது

சர்வர் விதி முதலில். அது இடம் தராத வழியை எவ்வளவு அலசினாலும் வீண். அடுத்தது தரை: மண்ணா, கல்லா, நடுவில் தண்ணீர் இருக்கிறதா. மூன்றாவது, வெட்டுவதற்கும் நிரப்புவதற்கும் உள்ள விகிதம். நான்காவது, வேலை முடிந்த பிறகு மிஞ்சுவது: ஓரத்தில் நிற்கும் செங்குத்துச் சுவர், புல் இல்லாத வெறும் கல், பெட்டி பெட்டியாகக் காபுள்ஸ்டோன் (கல்லை உடைத்தால் கிடைப்பது). கடைசியாக, எவ்வளவு நேரம் நீங்களே திரைமுன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

## எந்த உயரத்தில் நிறுத்துவது

ஒரு மாதிரி நிலம் எடுத்துக்கொள்வோம். 64-க்கு 64 பிளாக். கீழ் ஓரம் ஒய் 66 (ஒய் என்பது கேமில் உயரத்தின் எண்), மேல் ஓரம் ஒய் 82, நடுவில் சீரான சரிவு. பரப்பு 4096 பிளாக். அதாவது தரைமட்டத்தை ஒரே ஒரு பிளாக் கீழே இறக்க நினைத்தாலும் ஆயிரக்கணக்கில் கூடுதலாக வெட்ட வேண்டும்.

நடுமட்டம் 74-இல் நிறுத்தினால் மேலே 8192 பிளாக் வெட்டி, அதே 8192-ஐக் கீழே போடலாம். மண் மிச்சமும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. முழுவதையும் 66 வரை இறக்கினால் 32,768 பிளாக் வெட்ட வேண்டும், நிரப்ப ஒன்றுமில்லை. பார்த்தவுடன் முதல் வழி பாதி வேலையாகத் தெரியும்.

ஆனால் கேம் ஒரு நொடிக்கு 20 டிக் (கேமின் சிறு காலத்துண்டு) ஓடுகிறது. சரியான டூல் கையில் இருந்தால் டிக்குக்கு ஒரு பிளாக், அதாவது நொடிக்கு 20 உடைக்கலாம். வலது பட்டனை அழுத்திப் பிடித்து வைக்கும்போது நான்கு டிக்குக்கு ஒன்றுதான் விழும், நொடிக்கு 5. நிரப்புவது வெட்டுவதைவிட நான்கு மடங்கு மெதுவு. இப்போது கணக்கு இப்படி மாறுகிறது:

| தரைமட்டம் | வெட்டுவது | நிரப்புவது | குறைந்தபட்ச நேரம் |
|---|---|---|---|
| ஒய் 66 | 32,768 | 0 | சுமார் 27 நிமிடம் |
| ஒய் 69 | 21,632 | 1,152 | சுமார் 22 நிமிடம் |
| ஒய் 74 | 8,192 | 8,192 | சுமார் 34 நிமிடம் |

இவை காகிதக் கணக்கு. நடப்பது, திரும்புவது, பையைக் காலி செய்வது எல்லாம் சேர்ந்தால் இதுபோல் பல மடங்கு ஆகும். ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட இந்த விகிதம் போதும். மாட் எதுவும் இல்லாத கிளையன்ட்டில், நடுமட்டத்தைவிடக் கீழ் ஓரத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவதே லாபம். ட்வீக்கரூ மாடில் உள்ள வேகமாகப் பிளாக் வைக்கும் வசதியைச் சர்வர் அனுமதித்தால் அந்த நான்கு டிக் தடை போய்விடும். அப்போது நடுமட்டமே மலிவு. சிலர் இந்த இடத்தைத் தாண்டிவிட்டு நேரே எஃபிஷியன்சி (டூலின் வேகத்தைக் கூட்டும் மந்திரம்) புத்தகம் தேடக் கிளம்பிவிடுகிறார்கள்.

## கையால் வெட்டுவது

மண்ணையும் கல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே டிக்கில் ஒரு பிளாக் உடைய வேண்டுமானால் டூலின் வேகம் அந்தப் பிளாக்கின் கடினத்தைப்போல் 30 மடங்கைத் தாண்ட வேண்டும். மண்ணின் கடினம் 0.5, புல்தரை 0.6. எனவே 15, 18. டைமண்ட் ஷவலின் வேகம் 8, எஃபிஷியன்சி 5 அதனோடு 26 சேர்க்கிறது, மொத்தம் 34. பீக்கனே (சுற்றிலும் சக்தி பரப்பும் பிளாக்) வேண்டாம். மண்மேடு ஒன்றைச் சமமாக்குவதற்காக, பீக்கனுக்கான பொருளைத் தரும் விதர் என்ற அரக்கனோடு சண்டைக்குப் போக எந்த அவசியமும் இல்லை.

கல் வேறு கதை. அதன் கடினம் 1.5, தேவை 45. டைமண்ட் பிக்காக்ஸின் 34 போதாது, நெதரைட்டின் 35-உம் போதாது. பீக்கனின் ஹேஸ்ட் 2 என்ற வேகச் சக்தி கிடைத்தால் டைமண்டே 47.6-க்கு ஏறுகிறது. அப்போதுதான் கல் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போகும். கிரானைட், டயோரைட், ஆண்டிசைட் மூன்றும் இதே கடினம்தான். டீப்ஸ்லேட்டின் கடினம் 3, தேவை 90. அது இந்தக் கூட்டணிக்கும் மசியாது. நல்லவேளை, அது ஒய் 8-க்குக் கீழேதான் தொடங்குகிறது.

இன்னொரு விஷயம்: குதித்துக்கொண்டோ அந்தரத்தில் நின்றுகொண்டோ வெட்டினால் வேகம் ஐந்தில் ஒன்றாகிவிடும். தண்ணீருக்குள் அக்வா அஃபினிட்டி மந்திரம் இல்லாமல் வெட்டினாலும் அப்படியே. கால் தரையில் இருக்கட்டும்.

மறைந்த செலவு. ஹேஸ்ட் 2 தரும் பீக்கனுக்கு நான்கு அடுக்குப் பிரமிட் வேண்டும், 164 பிளாக். இரும்பில் கட்டினால் 1476 இரும்புக் கட்டி. அதன் வீச்சு பக்கவாட்டில் 50 பிளாக். நம் மாதிரி நிலத்தின் நடுவில் வைத்தால் முழுவதும் அடங்கும், ஆனால் வேலைக்கு நடுவே அதுவே தடையாக நிற்கும். ஓரத்தில் வைத்தால் எதிர் ஓரத்தில் ஹேஸ்ட் அறுந்துவிடும். எதிரெதிர் பக்கமாக இரண்டு முறை நட்டுக்கொள்வது மேல்.

டூல் தேய்மானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைமண்ட் பிக்காக்ஸ் 1561 முறை தாங்கும், அன்பிரேக்கிங் 3 மந்திரம் இருந்தால் சராசரியாக நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ 6200. ஒய் 69 திட்டத்துக்கு இப்படி மூன்றுக்கு மேல் தேவை. எக்ஸ்பியை (அனுபவப் புள்ளியை) வாங்கி டூலைப் பழுதுபார்க்கும் மெண்டிங் மந்திரம் இருக்கிறதே என்பீர்கள். வெறும் கல்லை உடைத்தால் எக்ஸ்பி வராது, மெண்டிங்குக்குத் தீனி இல்லை. பக்கத்தில் ஒரு எக்ஸ்பி ஃபார்ம் இல்லாமல் கல்மலையில் கை வைக்காதீர்கள்.

பிறகு பை. உங்கள் 36 இடமும் நிறைந்தால் 2304 பிளாக், ஒரு ஷல்கர் பாக்ஸ் (பொருளோடு தூக்கிச் செல்லும் பெட்டி) 1728. அந்த 21,632-க்கு 13 ஷல்கர் பாக்ஸ். தேவையில்லாத காபுள்ஸ்டோனைக் கள்ளிச்செடிமேல் தள்ளி அழிக்கலாம், ஆனால் நிரப்புவதற்கு வேண்டியதை எண்ணி வைத்த பிறகு.

சர்வர் தடுமாறும்போது ஒரே டிக்கில் உடைந்த பிளாக்குகள் உங்கள் திரையில் மறைந்து, பிறகு திரும்பி வந்து காலில் இடிக்கும். மாலை நெரிசலில் இது அதிகம். அந்த நேரத்தில் பீக்கன் இருந்தும் பாதி பயன்தான்.

எப்போது இது சரி. நூறுக்கு நூறு பிளாக்குக்கு உட்பட்ட எந்த நிலத்துக்கும், விதி கடுமையான சர்வருக்கும், மண் அதிகமாக உள்ள இடத்துக்கும் இதுவே என் முதல் பரிந்துரை.

## கை வேலைக்குத் துணை மாட்கள்

இது தனி வழியில்லை, முந்தையதற்குக் கண்ணாடி போட்டுவிடுவது. லிட்டமேட்டிக்கா ஒரு திட்டவடிவத்தை நிழல்போல உலகத்தின்மேல் விரித்துக் காட்டும். ஒரு பிளாக் தடிமனில் தட்டையான தகடு ஒன்றை ஒய் 69-இல் வைத்துவிட்டால் எந்தப் பள்ளத்தில் இன்னும் போட வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும். எவ்வளவு பொருள் குறைகிறது என்ற பட்டியலும் தரும்.

நிலத்தைச் சமமாக்க அதைவிடப் பயன்படுவது ட்வீக்கரூவின் உடைக்கும் எல்லை வசதி. எந்த அடுக்கில் தொடங்கினீர்களோ அந்த அடுக்கைத் தாண்டி உடைக்க விடாது. கவனம் சிதறி ஒரு பிளாக் ஆழமாகப் போய்விட்டு, பிறகு அந்தக் குழிகளைத் தேடித் தேடி அடைக்கும் வேலை மிச்சம். இது வேகத்தைக் கூட்டாது, திருத்தத்தைக் குறைக்கும். பெரிய நிலத்தில் இரண்டும் ஒன்றுதான்.

நிழல் காட்டும் மாடைப் பல சர்வர்கள் கண்டுகொள்வதில்லை. தானாகப் பிளாக் வைக்கும் பிரிண்டர் வகை மாட் வந்ததும் முகம் சுளிப்பார்கள். வேகமாகப் பிளாக் வைக்கும் வசதி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நிர்வாகியிடம் மாடின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "நொடிக்கு ஐந்துக்கு மேல் பிளாக் வைக்கலாமா?" என்று வசதியைச் சொல்லிக் கேளுங்கள். பெயர் கேட்டால் சரி என்று சொன்னவரே பிறகு வசதியைப் பார்த்துத் தடை போடக்கூடும்.

இங்கேயே பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். வீடியோ விளக்கத்தில் கிடக்கும் இணைப்பிலிருந்து கிளையன்ட் இறக்காதீர்கள். மாட் என்பது உங்கள் கணினியில் முழு உரிமையோடு ஓடும் நிரல். 2023 ஜூனில் கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற பெயர்பெற்ற தளத்தில் இருந்த மாட்களுக்குள்ளேயே ஃபிராக்சரைசர் என்ற தீம்பொருள் நுழைந்தது. பெயர் தெரியாத தளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

## டிஎன்டி

ஒரு டிஎன்டிக்கு 5 கன்பவுடர், 4 மணல். பத்து அடுக்கு, அதாவது 640 டிஎன்டி செய்ய 3200 கன்பவுடரும் 2560 மணலும் வேண்டும். க்ரீப்பர் ஃபார்ம் (கன்பவுடர் தரும் அரக்கர்களை வரவழைக்கும் அமைப்பு) ஓடிக்கொண்டிருந்தால் இது ஒரு பொருட்டில்லை. இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

1.14 பதிப்பு முதல் ஜாவாவில் டிஎன்டி உடைக்கும் பிளாக்குகள் எல்லாமே கீழே விழும் என்பது உண்மை. ஆனால் அடுத்த வெடிப்பு, முந்தைய வெடிப்பில் விழுந்த பொருளை அழித்துவிடும். மிஞ்சியதும் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும். வரிசையாக வெடிக்கும்போது நிரப்பக் கல் சேரும் என்று நம்பியிருந்தால் ஏமாற்றம்தான். ஆயிரக்கணக்கான பொருள்கள் தரையில் சிதறிக் கிடக்கையில் சர்வர் மூச்சு வாங்கும், மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைத்தான் தேடுவார்கள்.

இதைவிடப் பெரிய குறை, டிஎன்டிக்குத் தட்டையாக வெட்டத் தெரியாது. அது கிண்ணம் கிண்ணமாகத் தோண்டும். குறித்த உயரம்வரை இறங்கினால் அதற்குக் கீழும் குழி விழுந்திருக்கும். நிரப்புவது நான்கு மடங்கு மெதுவு என்ற கணக்கு நினைவிருக்கட்டும். எனவே நிறுத்த வேண்டிய மட்டத்துக்கு நான்கைந்து பிளாக் மேலேயே டிஎன்டியை நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கையால் சீவ வேண்டும். தண்ணீருக்குள் வெடித்தால் பிளாக் ஒன்றும் உடையாது என்பதையும் மறக்காதீர்கள். மலைக்குள் ஒளிந்திருக்கும் ஊற்று ஒன்று போதும், பாதிச் சரம் வீணாகிவிடும்.

நிலத்தைக் கிளெய்ம் செய்யும் (உங்கள் பெயரில் காக்கும்) பிளக்கின், அதாவது சர்வரில் சேர்க்கும் நிரல், உள்ள சர்வர்களில் கிளெய்முக்குள் வெடிப்பு பெரும்பாலும் பலிக்காது. முதலில் ஒன்றை வைத்துப் பாருங்கள்.

எப்போது இது சரி. சரிவு அல்லாமல் முழுக் கல்மலை, அதுவும் முப்பது நாற்பது பிளாக் உயரம், அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை, கல் தேவையும் இல்லை என்றால்.

## டிஎன்டியைப் பெருக்கும் பறக்கும் இயந்திரம்

வீடியோக்களில் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. பெடராக்வரை (உலகின் உடையாத அடித்தட்டுவரை) மொத்த நிலத்தையும் வாரிக்கொண்டு போகும். அதற்கு முன் இரு பக்கமும் நீள அகழி வெட்ட வேண்டும், தண்ணீரையும் லாவாவையும் அகற்ற வேண்டும். உங்கள் சர்வர் பேப்பர் என்ற மென்பொருளில் ஓடினால் டிஎன்டியை நகலெடுக்கும் இந்த வகைப் பெருக்கல் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கும். வீட்டுமனைக்கு இது தேவையில்லை. ராட்சத மாப் (அரக்கர், விலங்கு) ஃபார்ம் கட்டுபவர்களின் கருவி இது.

## பாட்டை ஓட விடுவது

பாரிடோன் போன்ற தானியங்கி, இரண்டு மூலைகளைக் குறித்துக் கொடுத்தால் நடுவில் இருப்பதைக் காலி செய்யும். நிரப்பச் சொன்னால் நிரப்பும். வழியைத் தானே கண்டுபிடித்து நடக்கும். உங்கள் கவனம் என்ற அளவுகோலில் இதை அடிக்க ஆளில்லை.

சிக்கல் மற்ற அளவுகோல்களில். பெரும்பாலான பொது சர்வர்களில் இது நேரடி விதிமீறல். பிடிபட்டால் போவது சமமாக்கிய நிலம் மட்டுமா? கணக்கே தடைபடும், அதுவரை கட்டியதும் கைவிட்டுப் போகும். "யாரும் பார்க்காத நேரத்தில்" என்ற யோசனையும் எடுபடாது. யார் எந்தப் பிளாக்கை எப்போது உடைத்தார்கள் என்பதைப் பதிவுசெய்யும் பிளக்கின்கள் இருக்கின்றன. மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஒரே சீராக உடைத்த பதிவைப் பார்த்ததும் நிர்வாகிக்குப் புரிந்துவிடும்.

அனுமதி உள்ள இடத்திலும் அது முழுத் தானியங்கி இல்லை. பை நிறைந்ததும் பெட்டியில் கொண்டுபோய் அடுக்கி வைக்காது. மிச்சம் தரையில் கிடந்து மறையும். அடுக்கடுக்காக வேலை செய்யும்படி அமைக்காவிட்டால் தன் வசதிக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடையும். நடுவில் உங்கள் கேரக்டர் பசியில் வாடலாம், லாவாவில் விழலாம். கையில் இருந்த நெதரைட் பிக்காக்ஸும் சேர்ந்து போகும்.

எப்போது இது சரி. உங்கள் சொந்த சர்வர், அல்லது விதியிலேயே அனுமதி எழுதியிருக்கும் சர்வர். அப்போதும் வெட்டும் வேலைக்கு மட்டும். சொந்த சர்வர் என்றால் வேர்ல்ட்எடிட் போட்டு ஒரு கட்டளையில் முடிக்கலாமே என்று யாராவது கேட்டால், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

## வெட்டாமல் மேடை கட்டுவது

இந்தப் பட்டியலில் அதிகம் ஒதுக்கப்படுவது இதுதான், எனக்கோ இதில் தனிப் பிரியம். சமதளம் வேண்டும் என்பதற்காக உள்ளே முழுவதும் நிரப்ப வேண்டும் என்று யார் சொன்னது? ஒய் 82-இல் ஒரே அடுக்குத் தளம் போட்டால் 4096 பிளாக், மாட் இல்லாமலே 14 நிமிடக் கணக்கு. பிக்காக்ஸ் தேயாது, 13 ஷல்கர் பாக்ஸ் தேவையில்லை, பின்பக்கம் செங்குத்துச் சுவரும் எழாது. சரிவின் மேல்பகுதியைக் கொஞ்சம் வெட்டி, கீழ்ப்பகுதிக்கு மட்டும் தளம் போட்டால் இன்னும் குறையும்.

மறைந்த செலவு, தளத்துக்கு அடியில் உள்ள இருட்டு. 1.18 முதல் ஒளி அளவு 0 உள்ள இடத்தில்தான் எதிரி மாப்கள் தோன்றும். அடியில் உள்ள சரிவின் உட்பகுதி அப்படி ஆகிவிடும். டார்ச் நட்டு ஒளியேற்ற வேண்டும், இல்லையெனில் இரவு பகலாக ஜாம்பி முனகல் கேட்டபடி இருக்கும். விவசாயத்துக்கு மேலே மண் அடுக்கும் வேண்டும். பக்கவாட்டில் தெரியும் வெற்றிடத்தைத் தூண், வளைவு, சுவர் என்று ஏதாவது வைத்து மறைக்காவிட்டால் அரைகுறையாகத் தெரியும்.

தளத்தின் மேல் மாப் தோன்றக் கூடாது என்றால் கீழ்ப்பாதி ஸ்லாப் (அரை உயரப் பிளாக்) போடுங்கள். அதன்மேல் அவை தோன்றாது.

இதே குடும்பம்தான் படிப்படியாகத் தட்டு வெட்டுவது. 16 பிளாக் உயரத்தை நான்கு தட்டாகப் பிரித்தால் வெட்டும் மண் அந்தந்தத் தட்டிலேயே விழும், அதிகபட்ச உயரம் நான்கு பிளாக்தான். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் இது போதும். ரெட்ஸ்டோன் இயந்திரம், பெரிய களஞ்சியம் என்றால் போதாது.

## ஒரே பார்வையில்

| வழி | சர்வர் அனுமதி | உங்கள் கவனம் | வேலைக்குப் பின் மிஞ்சுவது |
|---|---|---|---|
| கை, மண்தரை | எங்கும் | முழுநேரம் | குறைந்த திருத்தம் |
| கை + பீக்கன், கல்தரை | எங்கும் | முழுநேரம் | பெட்டி பெட்டியாகக் காபுள்ஸ்டோன் |
| துணை மாட்கள் | கேட்டுவிட்டு | முழுநேரம் | ஏறக்குறைய எதுவுமில்லை |
| டிஎன்டி | சில இடங்களில் | தயாரிப்பில் அதிகம் | குழிகள், வெறுங்கல் |
| பறக்கும் இயந்திரம் | அரிது | தயாரிப்பில் மிக அதிகம் | பெடராக்வரை பள்ளம் |
| பாட் | அரிது | குறைவு | சிதறிய பொருள், தடை அபாயம் |
| மேடை, தட்டு | எங்கும் | மிதமானது | அடியில் இருட்டு |

## மேல்மண்ணும் புல்லும்

எந்த வழியில் போனாலும் கல்வரை வெட்டிவிட்டால் மேலே ஓர் அடுக்கு மண் வேண்டும், அதாவது 4096, சரியாக 64 அடுக்கு. இந்த மண்ணை வெளியே தேடி அலைய வேண்டாம். வெட்டத் தொடங்கும்போது மேல்மண்ணைத் தனிப் பெட்டியில் ஒதுக்கி வையுங்கள். குறைந்தால் இரண்டு மண்ணும் இரண்டு கிராவலும் சேர்த்து நான்கு கோர்ஸ் டர்ட் செய்து, வைத்தபின் ஹோவால் (களைக்கொத்தியால்) ஒரு தட்டு தட்டினால் சாதாரண மண்ணாகிவிடும். கையிருப்பு மண் இரட்டிப்பு.

புல் தானாகப் பரவும், ஆனால் அருகில் ஒரு புல்தரைப் பிளாக்காவது இருக்க வேண்டும். பிளாக்கை அப்படியே எடுக்கும் சில்க் டச் ஷவலால் கொஞ்சம் புல்தரையை எடுத்துவைத்து, ஏழெட்டு பிளாக்குக்கு ஒன்றாக மண்பரப்பில் நட்டுவிட்டால் நடுப்பகுதியும் சீக்கிரம் பச்சையாகும்.

## இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா

நிலத்தின் நடுவில் ஒரு சங்க் மட்டும், 16-க்கு 16, முழுதாக முடித்துப் பாருங்கள். வெட்டி, நிரப்பி, மண் போட்டு, பெட்டியில் அடுக்கும்வரை. மேல் ஓரத்துச் சங்க்கில் வேலை அதிகம், கீழ் ஓரத்தில் குறைவு. நடுச் சங்க்கின் நேரத்தை 16-ஆல் பெருக்கினால் மொத்தத்துக்குத் தோராயமான மதிப்பு கிடைக்கும். உடைந்த பிளாக்குகள் திரும்பி வருகின்றனவா, கிளெய்ம் சரியாக இருக்கிறதா, பீக்கன் எட்டுகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு சங்க்கிலேயே தெரிந்துவிடும். அரைமணி ஆனால் மொத்தம் எட்டு மணி. அது அதிகமாகப் பட்டால் மேடைக்கு மாறிவிடுங்கள். வெட்டிய சங்க்கைப் படிக்கட்டாகவோ நிலவறை வாசலாகவோ பயன்படுத்திக்கொள்ளலாம்.